முதல் மப்ளர்: ஓர் அசைவில் ஒரு முழு வேலை

அலவத்துகொடையில் டிசம்பர் மாத விடியற்காலை ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயம் ஏன் மப்ளரில் தொடங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை. ஏ-9 வீதியில் மாத்தளைப் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பனி மூட்டம் முகத்தில் ஈரமாகப் படியும். கண்டிப் பகுதியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கும். அது நுவரெலியாக் குளிர் அல்ல. ஆனால் கழுத்தும் காதும் அதை நன்றாக உணரும். இந்தக் குளிருக்குக் கனத்த ஜக்கெட் வேண்டாம், கழுத்தைச் சுற்ற ஒரு மப்ளர் போதும்.

எங்கள் பக்கத்தில் ஸ்காப் என்றால் தலையை மூடும் துணி. ஆகவே கழுத்துக்குச் சுற்றுவதை இந்த நூல் முழுவதிலும் மப்ளர் என்றே சொல்கிறேன்.

பின்னல் பழக வருபவர்களில் அநேகம் பேர் பயத்தோடுதான் வருகிறார்கள். பிழைவிட்டால் நூல் வீணாகிவிடுமே என்ற பயம் அது. தையலில் அந்தப் பயம் நியாயமானது. கத்தரி பட்ட துணியைத் திரும்பவும் முழுத் துணியாக்க முடியாது. பின்னலில் வெட்டே இல்லை. ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணியாகக் கோக்கப்பட்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் நீங்கள் பின்னியது முழுவதும் நூலாகத் திரும்பி வரும். பத்துத் தடவை அவிழ்த்தாலும் அதே நூல்தான். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பின்னல் என்பது என்ன?

தும்பறைப் பக்கத்தில் நெய்யும் பாய்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தும்பறைக் கைவினையை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது நெசவு. பாவு நீளவாட்டில் போகும், ஊடு குறுக்கே போகும். அதற்குத் தறி வேண்டும், தறி வைக்க இடம் வேண்டும். பின்னலுக்கு இரண்டு ஊசியும் ஒரு நூலும் போதும். பஸ்ஸில் இருந்தும் பின்னலாம்.

வீட்டில் பழைய பெனியன் ஒன்று இருந்தால் இப்போதே எடுங்கள். வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து அகலவாட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். சின்னச் சின்னச் சடை போட்டதுபோல வரிவரியாகத் தெரியும். உள்பக்கம் அலை அலையாக இருக்கும். திருப்பூரிலும் நம் நாட்டுக் கார்மென்ட் தொழிற்சாலைகளிலும் இயந்திரம் பின்னுவதும் இதே கண்ணியைத்தான். இனி பெனியனின் கீழ் ஓரத்தைக் கத்தரியால் வெட்டுங்கள். வெட்டின ஓரம் தானாகச் சுருண்டு மடங்கும். வெளிப்பக்கமும் உள்பக்கமும் வேறுவேறு பின்னலாக இருப்பதுதான் காரணம்.

இந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெனியன் போன்ற பின்னலில் மப்ளர் போட்டால் அது குழாயைப் போலச் சுருண்டுகொள்ளும். எல்லா வரிசையையும் நேர்ப்பின்னலாகவே பின்னினால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். அது சுருளாது, தடிப்பாக இருக்கும், உள்ளே காற்றைப் பிடித்து வைத்துச் சூடு தரும். ஆகவே மறுபின்னல் என்ற இரண்டாவது வகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரேயோர் அசைவைப் பழகினால் மப்ளர் முழுவதையும் முடிக்கலாம்.

நூல்

மலைநாட்டுக்குக் கம்பளி புதியதல்ல. தேயிலைத் தோட்டங்களில் எங்கள் பாட்டிமார் தலையில் மடித்துப் போட்டு மழையில் கொழுந்தெடுத்த கரடுமுரடான கம்பளியை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நூற்கக்கூடிய கம்பளி இங்கே கிடைப்பதில்லை. யாழ்ப்பாணச் செம்மறி இறைச்சிக்காக வளர்க்கப்படுவது, அதன் உடலில் இருப்பது முடி. கம்பளிக்காகச் செம்மறி வளர்ப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் வரை போக வேண்டும். அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ செம்மறிகளை வளர்க்கிறார்கள்.

கண்டிக் கடைகளில் வூல் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அதில் குறை ஒன்றுமில்லை. துவைக்க எளிது, விலை குறைவு, தோலில் அரிக்காது. வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள்:

* தடிப்பு: 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மீற்றர் வரும் நடுத்தர நூல். குழந்தைச் சட்டைக்கு விற்கும் மெல்லிய நூல் முதல் வேலைக்கு வேண்டாம்.
* நிறம்: வெளிர்நிறம், ஒரே நிறம். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு பறக்கும் நூலிலும் அப்படித்தான்.
* அளவு: 200 கிராம். ஒரே சாய இலக்கம் உள்ள கண்டுகளாக ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த வாரம் வாங்கும் அதே நீலம் அதே நீலமாக இராது.

கடை நூலுக்குக் காசு போதாவிட்டால் பழைய சுவெட்டர் நல்ல வழி. நுவரெலியா பேல் பஸாரிலும் நடைபாதைக் கடைகளிலும் குவித்து விற்கும் சுவெட்டர்களைப் புரட்டும்போது உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் ஓவர்லொக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அது வெட்டித் தைத்தது, அவிழ்த்தால் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டாமல் சங்கிலித் தையலால் மட்டும் இணைத்திருந்தால் வாங்குங்கள். தையலைப் பிரித்து, மேல் ஓரத்திலிருந்து இழுத்து, கதிரை முதுகில் சிட்டமாகச் சுற்றுங்கள். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி, ஒரு சிறிய போத்தலைப் பாரமாகத் தொங்கவிட்டு உலரவிட்டால் நூலின் நெளிவு பெரும்பாலும் போய்விடும்.

அது கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரிய வேண்டுமென்றால், விரல் நீளத் துண்டு ஒன்றைக் குறட்டில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தலைமுடி கருகும் மணம் தரும், சாம்பலை விரலால் நொறுக்கலாம். அக்ரிலிக் உருகிக் கறுத்த மணியாக இறுகும்.

ஊசி

5 மி.மீ. தடிப்பும் 30 சென்ரிமீற்றர் அளவு நீளமும் உள்ள ஒரு சோடி. மூங்கில் ஊசி சிறந்தது, உலோக ஊசியில் கண்ணி வழுக்கும். பழைய பிரித்தானிய இலக்கம் போட்ட ஊசிகள் வீடுகளில் உண்டு. அந்த இலக்கம் தலைகீழானது: இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். 5 மி.மீ. என்பது 6ஆம் இலக்கம், 4 மி.மீ. என்பது 8ஆம் இலக்கம்.

மூங்கிலைச் சீவி நீங்களே செய்தும் கொள்ளலாம். அரத்தாளால் வழுவழுப்பாகத் தேய்த்து, நுனியைப் பென்சில்போல ஆனால் மழுங்கலாகச் சீவி, மெழுகு பூசித் துணியால் தேயுங்கள். மற்ற முனையில் அழிறப்பர் துண்டு ஒன்றைக் குத்திவிட்டால் கண்ணி கழன்று விழாது. தடிப்பை அளக்க, தையல் நூலை ஊசியில் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பிரித்து அளவுகோலில் வையுங்கள். 15.7 சென்ரிமீற்றர் அளவில் வந்தால் ஊசி 5 மி.மீ.

இவற்றோடு கத்தரி, அளவு நாடா, பெரிய கண்ணுள்ள மொட்டை ஊசி, இரண்டு ஊக்கு. இவ்வளவும் போதும்.

கண்ணி ஏற்றுதல்

நூலின் நுனியில் 15 சென்ரிமீற்றர் வாலாக விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போடுங்கள். அதை இடக்கை ஊசியில் ஏற்றி மெல்ல இறுக்குங்கள். அதுதான் முதல் கண்ணி. வாலை மறந்துவிடுங்கள், கண்டிலிருந்து வரும் நூலோடுதான் இனி வேலை. இடக்கைப் பழக்கமுள்ளவர்களும் இப்படியே பழகலாம், இரண்டு கைக்கும் வேலை உண்டு.

இனி அந்த ஒரே அசைவு, நேர்ப்பின்னல். நாலு சொல்லில் அடங்கும்: குத்து, சுற்று, இழு, விடு.

1. குத்து. வலக்கை ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னுக்கு நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் அடையாளம்போல நிற்கும். வலது ஊசி பின்னால் இருக்க வேண்டும்.
2. சுற்று. பின்னால் தொங்கும் நூலை வலது ஊசி நுனியின் இடப்பக்கமாகக் கொண்டுவந்து, இரண்டு ஊசிக்கும் நடுவால் முன்னுக்கு எடுங்கள்.
3. இழு. நூலைத் தளரவிடாமல் பிடித்தபடி வலது ஊசியைக் கீழிறக்கி, சுற்றிய நூலைக் கண்ணிக்குள்ளால் முன்பக்கம் இழுத்து வாருங்கள்.
4. விடு. பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

கண்ணி ஏற்றும்போது மட்டும் நாலாவது படி இல்லை. இழுத்து வந்த புதுக் கண்ணியை இடது ஊசியில் கொண்டுபோய்ப் போடுங்கள். இப்போது இரண்டு கண்ணி. புதிதாகப் போட்ட கண்ணிக்குள் மறுபடியும் குத்தி, சுற்றி, இழுத்து இடது ஊசியில் போட்டால் மூன்று. இப்படியே 20 வரை போங்கள். கண்ணி ஊசியில் தடையின்றி நகர வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இறுக்கித்தான் போடுவார்கள், நீங்கள் வேண்டுமென்றே தளர்த்திப் போடுங்கள்.

மாதிரித் துண்டு

20 கண்ணியும் ஏறியதும் நாலு படியையும் முழுமையாகச் செய்து வரிசையைப் பின்னுங்கள். இடது ஊசி வெறுமையானதும் ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். இரண்டு வரிசை சேர்ந்தால் துணியில் ஒரு மேடு தெரியும். வயல் வரப்பைப் போலவே இருப்பதால் அதை வரப்பு என்று சொல்லி எண்ணுகிறோம். 16 வரப்பு வந்ததும் நிறுத்துங்கள்.

மேசையில் இழுக்காமல் வைத்து அகலத்தை அளந்து பாருங்கள். 20 கண்ணி 12 சென்ரிமீற்றர் என்றால், 19 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 32 கண்ணி வேண்டும். உங்கள் கை இறுக்கமானால் கண்ணி கூடும், தளர்வானால் குறையும். புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் துண்டை அளந்து கணக்குப் போடுங்கள்.

இப்போது பழகுநர் எல்லோரையும் நான் கட்டாயமாகச் செய்யவைக்கும் வேலை. ஊசியை உருவுங்கள். நூலைப் பிடித்து இழுங்கள். கண்ணி ஒவ்வொன்றாகக் கழன்று வரப்பு வரப்பாக மறைவதைக் கவனமாகப் பாருங்கள். மணிக்கணக்காகப் பின்னியது ஒரு நிமிடத்தில் போகும், ஆனால் நூல் அத்தனையும் கையில் இருக்கும். இதை நீங்களாக ஒருமுறை செய்துவிட்டால், பின்னால் பிழை வரும்போது கை நடுங்காது.

மப்ளரைத் தொடங்குதல்

கணக்கில் வந்த எண்ணிக்கைக்குக் கண்ணி ஏற்றுங்கள். 32 என்றே வைத்துக்கொள்வோம். நீளம் 150 சென்ரிமீற்றர். 10 சென்ரிமீற்றருக்கு 16 வரப்பு என்றால் மொத்தம் 240 வரப்பு, அதாவது 480 வரிசை, 15,360 கண்ணி. நிமிடத்துக்கு 15 கண்ணி போட்டால் ஏறத்தாழ 17 மணித்தியாலம். தினமும் அரைமணி நேரம் இருந்தால் ஐந்து வாரத்தில் முடியும். நவம்பர் தொடக்கத்தில் கண்ணி ஏற்றினால் டிசம்பர் பௌர்ணமிக்குள் மப்ளர் கழுத்தில் இருக்கும். அந்தப் போயாவோடுதான் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி வெசாக் வரை நடக்கிறது. பாவாதமலை என்று நாங்கள் சொல்லும் அதே மலை, 2,243 மீற்றர் உயரம். இரவில் ஏறும்போது வியர்க்கும், அப்போது மப்ளர் பையில் இருக்கட்டும். உச்சியில் விடியலுக்காகக் காத்திருக்கும்போதுதான் வியர்வை குளிர்ந்து நடுக்கும். அந்த நேரத்துக்கு இது.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணியை எண்ணுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். என் முதல் மப்ளரை நான் 30 கண்ணியில் தொடங்கினேன். எண்ணவில்லை. இரண்டு சாண் போனபின் பார்த்தால் 41 கண்ணி, துணி முறம்போல விரிந்திருந்தது. எந்த வரிசையில் கூடியது என்று தெரியாததால் அடி வரை அவிழ்க்க வேண்டியிருந்தது. எண்ணியிருந்தால் ஒரு வரிசையோடு போயிருக்கும்.

வரும் பிழைகளும் வழிகளும்

*கண்ணி கூடுகிறது.* பெரும்பாலும் வரிசைத் தொடக்கத்தில்தான் இது நடக்கும். ஊசியைத் திருப்பியதும் நூல் ஊசிக்கு மேலால் பின்னுக்குப் போனால் முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கண்ணிபோல நிற்கும். அதை இரண்டாகப் பின்னிவிடுவீர்கள். ஒவ்வொரு வரிசைத் தொடக்கத்திலும் நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியால் பின்னுக்கு எடுங்கள். நடுவில் ஓட்டையோடு கூடியிருந்தால் நூல் முன்பக்கம் வந்து ஊசியில் தானாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

*கண்ணி விழுகிறது.* "டீச்சர், கண்ணி ஒண்டு விழுந்துட்டு, இனி எல்லாம் போயிருமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. "போகாது மகள், முதல்ல ஊக்கை எடுத்து அதுல கொளுவுங்க" என்பதுதான் என் பதில். விழுந்த கண்ணியை ஊக்கு பிடித்துக்கொண்டால் அது மேலும் இறங்காது. அதன்பின் அவசரமில்லை. அந்த வரிசையிலேயே கண்டால் நேராக ஊசியில் ஏற்றலாம். பல வரிசை கீழே போயிருந்தால் அதுவரை அவிழ்ப்பதே முதல் வேலைக்குச் சுருக்கமான வழி.

*நூல் பிளக்கிறது.* ஊசி நுனி நூலின் புரிகளுக்கு நடுவே போயிருக்கிறது. அந்தக் கண்ணியைத் திருப்பி எடுத்து முழு நூலையும் பிடித்துப் பின்னுங்கள்.

*நடுவில் நிறுத்தியபின் பக்கம் மறந்துபோகிறது.* கண்டிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அதை வலக்கையில் பிடித்துத் தொடருங்கள். இயன்றவரை வரிசை முடிவில் நிறுத்துவதே நல்லது.

அவிழ்த்தபின் கண்ணிகளை மறுபடி கோப்பதுதான் பலருக்குச் சிரமம். அதற்கு ஒரு முற்காப்பு உண்டு. 20 வரப்புக்கு ஒருமுறை, வேறு நிறத் தையல் நூலை மொட்டை ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிக்குள்ளாலும் ஓட்டி அப்படியே விடுங்கள். நான் இதைக் காவல் நூல் என்கிறேன். மேலே என்ன பிழை வந்தாலும் அவிழ்ப்பது காவல் நூலோடு நிற்கும், கண்ணிகள் அதில் வரிசையாகக் காத்திருக்கும். அடுத்த காவல் நூல் போட்டபின் கீழே உள்ளதை உருவிவிடலாம், எண்ணுவதற்கும் அது அடையாளம்.

புதுக் கண்டு இணைத்தல்

பழைய நூல் மப்ளர் அகலத்தைப்போல நாலு மடங்குக்குக் குறைவாக மிஞ்சினால் புது வரிசை தொடங்காதீர்கள். வரிசைத் தொடக்கத்தில் பழையதை 15 சென்ரிமீற்றர் வாலாக விட்டு, புது நூலுக்கும் அதேயளவு வால் விட்டுப் பின்னத் தொடங்குங்கள். பெரிய முடிச்சுப் போட வேண்டாம், கழுத்தில் உறுத்தும்.

முடித்தல்

இரண்டு கண்ணி பின்னுங்கள். வலது ஊசியில் முதலில் உள்ள கண்ணியை இடது ஊசி நுனியால் தூக்கி, இரண்டாவதின் மேலால் கடத்தி விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, மறுபடி தூக்கிக் கடத்துங்கள். கடைசிக் கண்ணி வந்ததும் நூலை 20 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, நுனியைக் கண்ணிக்குள்ளால் இழுத்து இறுக்குங்கள். இந்த வரிசை முழுவதையும் தளர்வாகச் செய்யுங்கள். இறுக்கினால் மப்ளரின் ஒரு முனை மட்டும் குறுகிவிடும்.

வால்களை மொட்டை ஊசியில் கோத்து, வரப்புகளின் உள்ளே ஐந்தாறு சென்ரிமீற்றர் ஓட்டி, திரும்பவும் எதிர்ப்பக்கம் சிறிது ஓட்டி வெட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் துவைக்கும்போது வெளியே வந்துவிடும்.

துவைத்தலும் வைத்தலும்

குளிர்ந்த அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஷம்பு கலந்து ஊறவிட்டு, பிழியாமல் துவாயில் உருட்டி அழுத்துங்கள். உண்மைக் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்தால் சுருங்கித் தடித்துவிடும். அது அவிழ்த்துச் சரிசெய்ய முடியாத பிழை. அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், உருகித் தட்டையாகும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுபோகும். பாயில் விரித்து நிழலில் உலர்த்துங்கள். எங்கள் பக்கத்து மழை மாதங்களில் உலர இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஈரம் முற்றாகப் போகாமல் அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. மிஞ்சிய நூலில் மூன்று மீற்றரையாவது சுருட்டி ஒரு கடித உறையில் போட்டு, மேலே கண்ணி எண்ணிக்கை, ஊசி அளவு, முடித்த திகதி மூன்றையும் எழுதி மப்ளரோடு வையுங்கள். என்றாவது ஓரம் கிழிந்தால் அதே நூலால் சரிசெய்யலாம். பல வருடம் கழித்து மப்ளர் பழசாகிவிட்டால், முடித்த நுனியைத் தேடிப் பிடித்து இழுங்கள். உங்கள் பிள்ளை முதல் 20 கண்ணி ஏற்றுவதற்கு வேண்டிய நூல் அதிலேயே இருக்கும்.